மண்ணுக்கு அடியில் ஓடும் இரயில்



மண்ணுக்கு அடியில் என்றதும் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லறையே. கத்தோலிக்கராகிய நமக்கு உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளும் நினைவுக்கு வரும். மறைசாட்சிகள் துயிலும் அந்த இருண்ட வழிகளில் தொடக்கத் திருச்சபை தன் இறந்தோரை நினைவுகூர்ந்து செபித்தது. ஆனால் உயிரோடிருக்கும் மனிதர் இலட்சக்கணக்கில் நாள்தோறும் மண்ணுக்குள் இறங்கி, பணிக்கும் பள்ளிக்கும் சென்று, மாலையில் மீண்டும் மண்ணுக்குள் இறங்கி வீடு திரும்புவது எத்தகைய வியப்பு! இத்தகைய போக்குவரத்தை உலகிலேயே முதன்முதலில் அமைத்த நகரம் இலண்டன். இத்திங்கள் அந்நகரின் பாதாள இரயிலைப் பற்றிச் சில செய்திகளைக் காண்போம்.

கணக்கு எவ்வளவு?

இலண்டன் பாதாள இரயிலுக்கு இன்று 11 தடங்கள் உள்ளன. நிலையங்கள் 272. இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 402 கிலோமீட்டர். ஓராண்டில் இதில் நிகழும் பயணங்கள் நூறு கோடிக்கும் அதிகம். நாள் ஒன்றுக்குச் சராசரியாகக் கணக்கிட்டால் 30 இலட்சத்துக்கு மேல் வரும்.

பாதாள இரயில் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் பாதையில் பாதிக்கும் குறைவான பகுதியே மண்ணுக்குள் செல்கிறது. நகரின் நடுப்பகுதியில் சுரங்கத்தில் ஓடும் வண்டி, புறநகரை அடைந்ததும் வெளியே வந்து வெயிலையும் மழையையும் காண்கிறது. நிலையங்களில் மிக ஆழமானது ஹாம்ஸ்டெட். தெருமட்டத்திலிருந்து அதன் மேடை 58 மீட்டருக்கும் கீழே உள்ளது. ஏஞ்சல் என்னும் நிலையத்தில் உள்ள நகரும் படிக்கட்டின் நீளம் 60 மீட்டர். இத்தகைய படிக்கட்டு 1911-ஆம் ஆண்டு ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் முதலில் அமைக்கப்பட்டது. இன்று அவை நானூறுக்கும் மேல் இயங்குகின்றன. லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டன் வரை உள்ள தொலைவு 260 மீட்டரே. பெரிய ஊர்களில் கோவில் வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு நடக்கும் தொலைவுகூட இதைவிட அதிகமாக இருக்கும்!

இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய பகுதிகளில் வாழ்கின்றன. அவர்களுக்கு இந்த இரயில் நம் ஊர்ப் பேருந்தைப் போன்ற அன்றாடத் துணை.

எண்கள் இவ்வளவே. ஆனால் எண்களைக் கேட்டு வியந்து நின்றுவிட்டால் நமக்குப் பயன் இல்லை. இப்பாதையை நினைத்தவர் யார், யாருக்காக நினைத்தார், அதில் மாண்டவர் யார், அவர்கள் மாண்டது எதனால் என்பனவே நம் குடும்பங்கள் சிந்திக்கத் தக்கவை.

ஏழைக்காக எண்ணியவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் இலண்டன் தெருக்கள் குதிரை வண்டிகளால் திணறின. இரயில்கள் நகரின் விளிம்பில் நின்றுவிடும். உள்ளே வர வழியில்லை. கூலித் தொழிலாளர்கள் பணியிடத்துக்கு நடந்தே செல்ல வேண்டியிருந்ததால், நகரின் நடுவே நெருக்கமான, நோய் மலிந்த குடியிருப்புகளில் அடைந்து கிடந்தனர்.

இந்நிலையைக் கண்டு உள்ளம் வருந்தியவர் சார்லஸ் பியர்சன் என்னும் வழக்கறிஞர். 1839 முதல் இலண்டன் மாநகராட்சியின் சட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். தொழிலாளியும் நகருக்கு வெளியே தூய காற்றில் குடியிருக்க வேண்டும், குறைந்த கட்டணத்தில் இரயிலேறி வேலைக்கு வர வேண்டும் என்பது அவர் கனவு. 1845-ஆம் ஆண்டிலேயே நிலத்தடி இரயில் பற்றிய திட்டத்தை வெளியிட்டார். பலர் நகைத்தனர். ஆயினும் அவர் ஓயவில்லை. பணம் திரட்ட இயலாமல் திட்டம் நின்றுவிடும் நிலை வந்தபோது, 1859-ஆம் ஆண்டு மாநகராட்சியையே 2,00,000 பவுன் முதலீடு செய்ய இசைவித்தார்.

இவரைப் பற்றிக் கத்தோலிக்கர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 1666-ஆம் ஆண்டு இலண்டனைப் பெருந்தீ அழித்தது. அதன் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த தூணில், அத்தீயின் பழியைக் கத்தோலிக்கர்மேல் சுமத்தும் சொற்களை 1681-ஆம் ஆண்டு பொறித்து வைத்தனர். அது வீண்பழி. தீ ஓர் அப்பக்காரரின் கடையில் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்நகரின் கத்தோலிக்கர் அப்பழிச் சொல்லைக் கடந்தே நடக்க வேண்டியிருந்தது. அதை நீக்க வேண்டும் என்று மாநகராட்சியில் போராடியவருள் முதன்மையானவர் இதே பியர்சன். 1830-ஆம் ஆண்டு அச்சொற்கள் கல்லிலிருந்து செதுக்கி நீக்கப்பட்டன. யூதர்களுக்கு நகர வணிகத்தில் இருந்த தடையை அகற்றவும் அவர் பாடுபட்டார். தம்மைச் சேராதவருக்காக வாதாடியவரே, தமக்குத் தேவைப்படாத தொழிலாளர் இரயிலுக்காகவும் வாதாடினார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பணிகள் 1860-ஆம் ஆண்டு தொடங்கின. தெருவை அகழ்ந்து, இருபுறமும் செங்கற் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி, மண்ணிட்டு மூடி, மீண்டும் தெரு அமைத்தனர். 1862-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஃபிளீட் என்னும் பழைய ஆற்றைக் கொண்டிருந்த கழிவுநீர்க் கால்வாய் உடைந்து, சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அத்தனை இடர்களையும் கடந்து, 1863-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர்ப் பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தனர். முதல் ஆண்டின் கணக்கு 95 இலட்சம்.

அந்நாளைக் காணப் பியர்சன் உயிரோடு இல்லை. நான்கு திங்களுக்கு முன்பே, 1862-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். இரயில் நிறுவனத்தார் அளிக்க முன்வந்த வெகுமதியையும் அவர் ஏற்கவில்லை. தாம் மாநகராட்சியின் ஊழியர், ஆதலால் வேறு ஊதியம் பெறலாகாது என்பது அவர் கொள்கை. நிறுவனத்தார் பின்னர் அவர் மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கினர். வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேலிருந்து பார்த்துவிட்டுக் கண்மூடிய மோயீசனை இங்கு நினைக்காமலிருக்க இயலவில்லை. 1864-ஆம் ஆண்டு, சென்று திரும்ப 3 பென்ஸ் கட்டணத்தில் அதிகாலைத் தொழிலாளர் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவர் கனவின் ஒரு பகுதியேனும் நனவாயிற்று.

ஆனால் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அப்பாதைக்கு வழிவிட ஃபிளீட் பள்ளத்தாக்கில் இடிக்கப்பட்டவை பெரும்பாலும் ஏழைகளின் குடியிருப்புகளே. இடிக்கப்பட்ட வீட்டில் வாடகைக்கு இருந்தவனுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. அவன் மூட்டையைச் சுமந்துகொண்டு பக்கத்துச் சந்தில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினான். நல்ல நோக்கத்தோடு செய்யும் பணியிலும் எளியவனே முதலில் விலை கொடுக்கிறான் என்பதை, நகரங்களில் சாலையும் பாலமும் எழும்போதெல்லாம் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

புகையிலிருந்து மின்சாரத்துக்கு

தொடக்கத்தில் இவ்வண்டிகளை இழுத்தவை நீராவி எஞ்சின்களே. நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்திக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தும், சுரங்கத்தில் புகை சூழ்ந்து பயணிகள் இருமித் துன்புற்றனர். 1890-ஆம் ஆண்டு ஆழ்ந்த சுரங்கத்தில் மின்சாரத்தால் ஓடும் முதல் வண்டி ஸ்டாக்வெல் பகுதியிலிருந்து நகருக்குள் வந்தது. தெருவை அகழாமல், உருளை வடிவான இரும்புக் கேடயத்தை முன்னே தள்ளிக்கொண்டு, அதன் மறைவில் தொழிலாளர் களிமண்ணைக் குடைந்தனர். குடைந்த இடத்தில் இரும்பு வளையங்களைப் பொருத்தினர். வெளியே காண்பதற்கு ஒன்றும் இல்லை என்று கருதி, பெட்டிகளுக்குச் சிறு சன்னல்களே வைத்தனர்! முதலில் அமைத்த பழைய பாதைகளும் 1905-ஆம் ஆண்டில் மின்மயமாயின.

பாதைகள் பெருகிப் பின்னலாகியபோது மக்கள் வழி தெரியாமல் தடுமாறினர். 1931-ஆம் ஆண்டு ஹாரி பெக் என்னும் வரைவாளர், நேர்கோடுகளும் சாய்கோடுகளும் மட்டுமே கொண்ட ஒரு வரைபடத்தைத் தயாரித்தார். நிலையங்களுக்கு இடையே உள்ள உண்மைத் தொலைவு அதில் இல்லை. எந்த நிலையத்துக்குப் பின் எந்த நிலையம், எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதே இருந்தது. அதிகாரிகள் முதலில் மறுத்தனர். 1933-ஆம் ஆண்டு அச்சிட்டுக் கொடுத்தபோது மக்கள் விரும்பி ஏற்றனர். இன்று உலகின் பல நகரங்களின் இரயில் வரைபடங்களுக்கு அதுவே முன்மாதிரி.

நள்ளிரவுக்குப் பின் வண்டிகள் நின்று, மின்னோட்டமும் நிறுத்தப்பட்டபின், சுரங்கத்துக்குள் துப்புரவுப் பணியாளர்கள் இறங்குகின்றனர். நெடுங்காலமாக இப்பணியில் பெண்களே மிகுதி. பயணிகளின் உடையிலிருந்தும் தலையிலிருந்தும் உதிர்ந்த நூலையும் முடியையும் தூசியையும் தண்டவாளத்தினின்று கையாலும் தூரிகையாலும் அகற்றுவர். விடியுமுன் அவர்கள் மேலேறிச் சென்றுவிடுவர். காலை வண்டியில் ஏறுவோருள் எத்தனை பேர் அவர்களை நினைப்பார்கள்?

பத்தொன்பது படிகள்

இரண்டாம் உலகப்போரில், 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் செர்மானிய விமானங்கள் இலண்டன்மீது இரவுதோறும் குண்டு பொழிந்தன. நிலையங்களைப் புகலிடமாக்க அரசு முதலில் உடன்படவில்லை. மக்களோ பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, போர்வையை விரித்துப் படுத்துவிட்டனர். அரசு இணங்க நேர்ந்தது. அத்திங்களில் ஓரிரவில் மட்டும் ஏறத்தாழ 1,77,000 பேர் நிலையங்களில் உறங்கினர். ஆனால் மண்ணும் முழுமையாகக் காக்கவில்லை. அக்டோபரில் பாலம் நிலையத்தின்மேல் விழுந்த குண்டினால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆயினும் மிகப் பெரிய துயரம் குண்டினால் நேர்ந்ததன்று. கிழக்கு இலண்டனில் பெத்னல் கிரீன் நிலையம் அப்போது கட்டி முடியாத நிலையில் புகலிடமாகப் பயன்பட்டது. 1943-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் இரவு அபாயச் சங்கு ஒலித்தது. மக்கள் நுழைவாயிலை நோக்கி விரைந்தனர். அருகிலிருந்த பூங்காவில், அவர்கள் முன்பு கேட்டறியாத புதுவகை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் பேரொலியுடன் வெடித்தன. குண்டு விழுகிறது என்று அஞ்சிக் கூட்டம் முன்னே நெருக்கியது. இறங்குவதற்கு 19 படிகள். மழையில் நனைந்திருந்தன. நடுவில் கைப்பிடி இல்லை. வெளிச்சம் தர மங்கலான ஒரே விளக்கு. கீழ்ப்படிகளின் அருகே, குழந்தையை ஏந்திய ஒரு பெண் கால் இடறி விழுந்தாள். அவள்மேல் அடுத்தவர் விழுந்தார். மேலே நின்றவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தனர். சில நொடிகளில் ஏறத்தாழ 300 பேர் அப்படிக்கட்டில் அடைபட்டனர். மூச்சடைத்து இறந்தவர் 173 பேர். அவர்களுள் குழந்தைகள் மட்டும் 62.

அன்றிரவு அப்பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை!

போர்க்காலம் ஆதலின் விசாரணை அறிக்கையை அரசு அப்போது வெளியிடவில்லை. 1945-ஆம் ஆண்டில்தான் வெளியிட்டது. இறந்தோருக்கு முழுமையான நினைவுச்சின்னம் அமைய 2017 வரை ஆயிற்று. தலைகீழாய் வானில் நிற்கும் மரப் படிக்கட்டு ஒன்று இன்று அவ்விடத்தில் அவர்கள் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

அக்கூட்டத்தில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இலர். தாயும் தந்தையும் தம் குழந்தையைக் காக்கவே விரைந்தனர். ஒரு கைப்பிடி, ஒரு நல்ல விளக்கு, வாசலில் கூட்டத்தை ஒழுங்கு செய்ய ஓர் ஆள், இவ்வளவே தேவைப்பட்டது. அவற்றை அமைக்க வேண்டியவர் காலத்தே அமைக்கவில்லை. திருவிழாக் கூட்டத்திலும், தேர்ப்பவனியிலும், கோவில் வாசற்படியிலும் நிற்கும் நாம் இதை மறக்கலாகாது. கூட்டத்தில் ஒவ்வோர் அடியும் முன்னே நிற்பவரின் உயிரைப் பற்றியது. பங்கில் பொறுப்பேற்றிருப்போர், படியில் ஒரு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் இறைப்பணியே.

"புகைச்சல்" என்று பெயரிட்டனர்

1987-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீப்பற்றியது. புகைபிடித்தல் அங்கு ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் வெளியே செல்லும் அவசரத்தில் படிக்கட்டிலேயே தீக்குச்சி கிழிப்போர் இருந்தனர். எறிந்த குச்சி ஒன்று இடுக்கு வழியே கீழே விழுந்தது. அங்கே பல ஆண்டுகளாகத் துடைக்கப்படாத எண்ணெய்ப் பிசுக்கும் காகிதக் குப்பையும் சேர்ந்திருந்தன. சிறிதாகத் தோன்றிய தீ, கால் மணி நேரத்துக்குள் சீறி எழுந்து மேலே சீட்டுக் கூடத்தைச் சூழ்ந்தது. 31 பேர் மாண்டனர். பயணிகளை வெளியேறச் செய்யும் முயற்சியில், முதலில் வந்து சேர்ந்த தீயணைப்புப் படையின் அதிகாரி ஒருவரும் உயிர்நீத்தார். இடருற்ற ஒரு பயணிக்கு உதவ நின்றதாலேயே அவர் தப்பவில்லை என்று கருதப்படுகிறது.

பின்னர் நடந்த விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அத்தகைய சிறு தீ அதற்கு முன்னும் பலமுறை எழுந்ததுண்டு. பணியாளர் அதைத் தீ என்று சொல்வதில்லை. "புகைச்சல்" என்றே சொல்லிப் பழகியிருந்தனர். பெயர் சிறிதானதால் அச்சமும் சிறிதாயிற்று. விசாரணைக்குப் பின் மரப் படிக்கட்டுகளை மாற்றத் தொடங்கினர். கடைசி மரப் படிக்கட்டு 2014-ஆம் ஆண்டுதான் அகற்றப்பட்டது.

வாசகர்களே, இது இலண்டன் மாநகருக்கு மட்டும் உரிய பிழையா? கணவன் மாலைதோறும் குடித்து வருவதை "சிறிது பழக்கம்" என்கிறோம். உடன்பிறந்தாரோடு பத்தாண்டுகளாய்ப் பேசாதிருப்பதைச் "சிறு மனத்தாங்கல்" என்கிறோம். அயலாரைப் பழித்துப் பேசுவதைப் "பொழுதுபோக்கு" என்கிறோம். கடனைத் திருப்பித் தராமையை "மறதி" என்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்ய வேண்டிய முதற் செயல், குற்றத்தை அதன் உண்மைப் பெயரால் அழைப்பதே. புகைச்சல் என்று சொல்லி மூடியதெல்லாம் ஒருநாள் இல்லத்தையே எரித்துவிடும்.

ஒரு குரல்

இறுதியாக, உள்ளத்துக்கு ஆறுதல் தரும் ஒரு செய்தி. தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள எம்பாங்க்மென்ட் நிலையத்தில் மேடை வளைந்திருப்பதால், வண்டிக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி உண்டு. இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்குமாறு எச்சரிக்கும் குரல் அங்கு ஒலிக்கும். அக்குரலை முன்னர்ப் பதிவு செய்து கொடுத்தவர் ஆஸ்வால்டு லாரன்ஸ் என்னும் நடிகர். அவர் 2007-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய மனைவி, துயரம் மிகும் வேளைகளில் அந்நிலையத்துக்குச் சென்று, மேடையில் அமர்ந்து, கணவரின் குரலைக் கேட்டுத் திரும்புவார். 2012-ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் அக்குரல் ஒலிக்கவில்லை. புதிய பதிவு வந்துவிட்டது. அவர் அதிகாரிகளிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். நூறு கோடிப் பயணங்களைக் கணக்கிடும் அந்நிறுவனத்தார் ஒரு விதவையின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தனர். பழைய பதிவைத் தேடியெடுத்து அவருக்கு ஒரு படி கொடுத்ததோடு, 2013-ஆம் ஆண்டு அம்மேடையிலும் அதே குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தனர்.

நாள்தோறும் அவ்வழியே விரையும் ஆயிரமாயிரம் பேருக்கு அது வெறும் அறிவிப்பு. ஒருவருக்கு மட்டும் அது மணவாழ்வின் நினைவு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் மனம், பெரிய அமைப்புகளுக்கும் வேண்டியதே.

402 கிலோமீட்டர், 272 நிலையங்கள், நூறு கோடிப் பயணங்கள் என்று எண்ணிச் சொல்வது எளிது. ஏழைக்காக நினைத்த ஒரு பியர்சனையும், பத்தொன்பதாம் படியை அடையாத 173 பேரையும், விடியுமுன் தண்டவாளம் துடைக்கும் பெண்களையும் நினைத்துச் சொல்வதே அறிவு. இன்றிரவு குடும்ப செபமாலையில், மண்ணுக்கு அடியிலும் மண்ணுக்கு மேலும் பயணம் செய்வோர் அனைவருக்காகவும், பயணத்தில் மரித்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுவோம். இல்லத்தில் யாரோடேனும் இடைவெளி விழுந்திருப்பின், அதையும் பார்த்துக் கால் வைப்போம்.

இறைவன் சித்தமாயின் அடுத்த திங்கள் சந்திப்போம்.